கத்தரிப் புழுவும் உன் தம்பியும்

முத்துலட்சுமிக்கு,

என்னைக் கேட்காமல் உன் தம்பி கணேசமூர்த்தி போன தடவை புழு சாகாத அதே மருந்தைக் கத்தரிக்கு இரண்டு மடங்காக அடித்தது பெரிய தவறு. இந்தக் காய்ப்பு தேறினால்தான் நான் காவல் வேலையை விட்டு ஊருக்கு வர முடியும். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

புழுவின் உடம்பில் நொதி என்று ஒன்று ஊறுகிறது. நமக்குச் சோறு செரிப்பதுபோல் அது மருந்தை உடைத்துச் செரித்துவிடும். நொதி குறைந்த புழு சாகும். நிறைய உள்ளது பிழைத்துப் பெருகும், அதன் வாரிசுகளும் அப்படியே பிறக்கும். மருந்தைக் கூட்டக் கூட்ட, சாகாத புழுவையே பொறுக்கி வளர்க்கிறோம். நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது, அதனால் அவன் நம்பமாட்டான்.

இங்கே அபிராமபுரம் ஃபிளாட்டிலும் அதே கதைதான். ஸ்ப்ரே அடித்த கரப்பான் எழுந்து சுவரேறிப் போனது. அதைப் பார்க்க ஸ்டூலில் ஏறி வழுக்கி விழுந்துவிட்டேன். லிஃப்ட் பார்க்கும் கிளிஃபர்ட், "இன்னா பெருசு, கரப்பானுக்கும் நீதான் செக்யூரிட்டியா?" என்று சிரித்தான். காலில் லேசான வீக்கம்தான்.

போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. கடைப் போர்வை உறுத்துகிறது.

இனி அவன் அந்த மருந்தைத் தொடக்கூடாது. வாடிய குருத்தையும் ஓட்டை விழுந்த காயையும் அவனே பறித்து எரிக்க வேண்டும். வேறு வகை மருந்து எது என்று நீ வேளாண்மை அலுவலரைக் கேட்க வேண்டும். அவன் முறைத்தாலும் இந்த ஒரு தடவை நீ என் பக்கம் நிற்க வேண்டும்.