நடு ஆற்றில் வீசிய பொட்டலம்

அன்புள்ள உம்மாவுக்கு ஆசிக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முட்டுவலி குறைந்ததா? நான் சுகம்.

நேற்று நான் வேலை பார்க்கும் கடைக்கு உளுந்து வாங்க ஆற்றைத் தாண்டி டாலாவுக்குப் போனேன். காட்டுப்பன்றிகள் வயலையே உழுதுபோட்டிருந்தன. ஊரே தகரம் தட்டி விரட்ட, நானும் தட்டினேன். ஒரு பன்றியைச் சாய்த்துவிட்டார்கள். பயப்படாதீர்கள், அது என் பக்கம் வரவில்லை.

தகரம் தட்டிய எல்லோருக்கும் கறியில் பங்கு உண்டாம். புறப்படும்போது, உளுந்து விற்கும் புஷ்பாக்கா சூடான இலைப்பொட்டலத்தை என் கையில் திணித்தார். முகத்துக்கு நேரே மறுக்க முடியவில்லை. படகு நடு ஆற்றுக்கு வந்ததும் பிரிக்காமலே வீசிவிட்டேன். கரையிறங்கி, மண் தேய்த்து ஏழு தடவை கை கழுவினேன்.

கடைக்கு வந்ததும் அக்கா போன் செய்தார்.

“விரால் மீனு நல்லா இருந்துச்சா தம்பி? நீ பன்னி தொடமாட்டியேன்னு புதுச்சட்டி வாங்கி வறுத்தேன்.”

“நல்லா இருந்துச்சுக்கா” என்றேன். இங்கே வந்த இந்த இரண்டு வருஷத்தில் எனக்கென்று ஒருவர் சமைத்தது அதுதான் உம்மா.

யாராவது வந்தால் மாசிக்கருவாடு இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்புங்கள், ஒன்று அக்காவுக்கு. கடையில் ஆள் நிற்கிறது, முடிக்கிறேன். வீசியதை மட்டும் வாப்பாவிடம் சொல்லாதீர்கள்.

மகன் ஆசிக்