வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் கண்ட முகம்

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
23.10.1988

அன்புள்ள மலருக்கு,

நான் நல்ல சுகம். நீரும் அம்மாவும் எப்படி? அம்மாவின் கால் வீக்கம் வற்றியதா?

போன சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. அறையில் கூட இருக்கும் யோகராஜா அண்ணை கமெராவும் கொண்டு ஊர் பார்க்கக் கூட்டிப்போனார். பூங்காவில் மரமெல்லாம் மஞ்சளாகி இலை கொட்டுகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் பெரிய மணிக்கூட்டைப் பார்த்து நின்றபோது, எனக்கு முன்னால் தம்பி குகன் நடந்து போனான். இடது தோளைச் சரித்த அதே நடை. "குகன்!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன்.

திரும்பியவர் இளங்கோவன் என்ற மலேசியத் தமிழர். முகமும் அச்சொட்டாக அவன்தான்.

"யாரைத் தேடுறீங்க?"

"தம்பியை. காணேல்லை."

"இந்தக் கூட்டத்திலயா? வாங்க, தேடுவோம்."

ஊரில் காணாமல் போய் மூன்று வருடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரோடு சேர்ந்து ஆற்றங்கரை முழுக்கத் தேடினேன், மலர். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கடைசியில் அண்ணைதான் அவருக்கு உண்மையைச் சொன்னார். அவர் கோபிக்கவில்லை. என் தோளில் கைபோட்டபடி படத்துக்கு நின்றார்.

யாரும் வந்தால் மிளகாய்த்தூளும் என் கம்பளிச் சட்டையும் கொடுத்துவிடும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

படத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் காட்ட வேண்டாம். தற்செயலாகக் கண்டு, குகன் லண்டனிலா இருக்கிறான் என்று கேட்டால், ஓம் என்று மட்டும் சொல்லும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உமது,
பாலேந்திரா