என் முழங்காலுக்கு ஒத்துவந்த வண்டி

கப்சபெட்

என் மகள் ஜெப்லெட்டிங்குக்கு,

இங்கே நானும் சுகம், மாடுகளும் சுகம். அந்தப் பெர்கன் ஊர்க் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன், இல்லையென்றால் இப்போதே எழுந்து எதையாவது சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி. மக்காச்சோளம் இடுப்புயரம் வந்துவிட்டது, உன் கறுப்புப் பசு மறுபடி வேலியை உடைத்தது, உன் சித்தப்பா கிமெலி இன்னும் அதே கிமெலிதான். எனக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. தேர்வன்று அங்கே நின்ற இளவட்டங்கள் என் உயரத்தைப் பார்த்துவிட்டு, "மம்மா, நீங்க லாரிக்கில்ல எழுதிப் போட்டிருக்கணும்" என்று பல்லை இளித்தார்கள். இளித்தவர்களில் இரண்டு பேர் எட்டு போடும்போதே காலை ஊன்றி வெளியே போனார்கள். நான் ஊன்றவில்லை. அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை, பார்க்கிற அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

இந்த வயதில் எதற்கு என்று கேட்டிருந்தாய். உன் அப்பா போன பிறகு சினை ஊசி போட வாடகை வண்டிக்காரனின் பின்னால் உட்கார்ந்துதானே போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் மலைமேல் ஒரு பண்ணையிலிருந்து மாடு காலையிலிருந்து கத்துகிறது என்று ஆள் அனுப்பினார்கள். வண்டிக்காரன் குடித்துவிட்டு வண்டியடியிலேயே படுத்திருந்தான். நான் சினை மருந்தை உறையவைத்திருக்கிற நைட்ரஜன் கேனைச் சுமந்துகொண்டு நடந்து போய்ச் சேர்வதற்குள் மாட்டுக்குப் பருவம் தப்பிவிட்டது. பால் சங்கச் செயலாளர் பிர்கென் என்னைக் கூப்பிட்டு, "வேகமா போற ஆளா பாக்கணும் மம்மா, மழைக்கு முன்னாடி வண்டி இல்லேன்னா உங்க மலைப்பக்கத்தை கிமெலி மகனுக்குக் குடுத்துருவோம்" என்றார். கிமெலி மகன் கிப்ரோனோ! பசுவின் எந்தப் பக்கம் நிற்பது என்று போன வருஷம்தான் கற்றுக்கொண்டவன்.

விஷயம் காதில் விழுந்த மறுநாளே உன் சித்தப்பா ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். இதுவரை எனக்கென்று ஒரு கட்டு புல் கொண்டுவராத மனிதர். "அண்ணி, இது பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது, இலேசா இருக்கும், எடுத்துக்கங்க" என்று தேனாகப் பேசினார். ஏறி உட்கார்ந்தேன், என் முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட்டன. முற்றத்தில் ஒரு சுற்று சுற்றலாம் என்று திருப்பினால் ஹேண்டில் முழங்காலில் இடித்து அதற்குமேல் திரும்பவே இல்லை, நேராகப் போய்க் கோழிக்கூட்டில் முட்டி நின்றேன். "காலை அகட்டி வெச்சுக்கங்க அண்ணி, பழகிடும்" என்கிறார். மலைப்பாதையில் ஒரு பக்கம் பள்ளம், தவளை மாதிரி காலை அகட்டிக்கொண்டு நான் அதில் இறங்க வேண்டும், மலைப்பக்கம் அவர் மகனுக்குப் போக வேண்டும். இது எனக்குப் புரியாது என்று நினைத்தார் பார், அதற்குத்தான் கோபம் வந்தது. அந்தச் சாமானை அவரையே தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன்.

நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். உயரமானவர்களுக்கு இதுதான் அம்மா என்று எழுதியிருந்தாய், அது என்னடி, இரண்டு சக்கரம் வைத்த பீரோ மாதிரி? ஆனாலும் நீ சொன்னாயே என்று எல்டோரெட் டவுனுக்குப் போனேன். அங்கே கடைக்காரன் மினுமினுக்கிற செருப்பும் வாசனைத் தைலமுமாக நின்றான், அவன் வாழ்க்கையில் சேற்றை மிதித்திருக்கவே மாட்டான். உன் படத்தில் இருந்த மாதிரியே ஒன்றைக் காட்டி, "உங்க ஒசரத்துக்கு இதுதான் மம்மா, மத்ததெல்லாம் உங்களுக்குப் பொம்மை" என்றான். உட்கார்ந்து பார்த்தேன். கால் நிதானமாகத் தரையில் பதிந்தது, முழங்கால் எதிலும் இடிக்கவில்லை, கண்ணாடியில் என்னைப் பார்த்தால் ராணி மாதிரிதான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். இறங்கி அதை மெதுவாகத் தரையில் சாய்த்துப் படுக்க வைத்தேன். "ஐயோ மம்மா, என்ன பண்றீங்க!" என்று அவன் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. புதிதாக ஓட்டுகிறவள் விழத்தானே செய்வாள், விழுந்தால் தூக்க வேண்டாமா? எவ்வளவு முக்கியும் அது அசையவில்லை. அவனும் கடையாள் ஒருவனுமாகத் தூக்கினார்கள், அவன் சட்டைப் பொத்தான் தெறித்தது. "மழையில நான் விழுந்தா கூப்பிடறேன், இந்தச் செருப்போடயே வந்து தூக்கிவிடுவியா?" என்று கேட்டேன். தெறித்த பொத்தானைத் தேடக் குனிந்துகொண்டான்.

மூலையில் தூசி படிந்து ஒன்று நின்றது, வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் வைத்திருக்கிற அதே சாதாரண வண்டி. "அது உங்களுக்கு வேணாம் மம்மா, கூலிக்கு ஓட்டறவனுங்க வண்டி" என்று முகத்தைச் சுளித்தான். அந்தக் கூலிக்காரர்கள் அதில் மூன்று பேரையும் ஒரு சோபாவையும் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறார்கள், இவன் கடைப் படியேறவே மூச்சு வாங்குகிறான். அதையும் படுக்க வைத்தேன். முதுகை சீட்டுக்குக் கொடுத்துக் குந்தி, காலை உந்தி எழுந்தேன், வண்டியும் என்னோடு எழுந்தது. ஆனால் சீட் தாழ்வு, முழங்கால் கொஞ்சம் இடித்தது. அதனால் தெருமுனையில் சீட்டுத் தைக்கிறவனிடம் நாலு விரல் உயரத்துக்கு அழுத்தமான பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னேன், ஹேண்டிலைத் தூக்கி வைக்கச் சொன்னேன், இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை, காலும் தரையில் நன்றாகப் பதிந்தது. அதில்தான் வீட்டுக்கு வந்தேன், வழியெல்லாம் இரண்டாம் கியரில்.

உன் சித்தப்பா பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் அவர் மகனுக்கு வந்து இறங்கியது எது தெரியுமா, நான் தூக்க முடியாமல் விட்டுவந்த அதே பீரோ! கிப்ரோனோ என் தோளுக்கு வருவான். நுனிவிரலில் நின்றுகொண்டு அதைப் பிடித்திருப்பான், சந்தையில் பெண்கள் பார்க்க வேண்டும் என்று.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை மேலே உள்ள பண்ணையில் மாடு கத்துகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். முந்திக்கொள்ளலாம் என்று கிப்ரோனோ எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டான். நான் தேயிலைத் தோட்டத்து வளைவில் ஒருமுறை வழுக்கி விழுந்தேன், முழங்கையில் சிராய்ப்பு, பயப்படாதே, வண்டியைத் தூக்கினேன், கேனைச் சரிபார்த்தேன், போனேன். அடுத்த ஏற்றத்தில் உன் தம்பி கிப்ரோனோ அந்தப் பீரோவுக்கு அடியில் கிடந்தான். கால் மாட்டிக்கொண்டு, சூடான சைலன்சர் கணுக்காலைச் சுட, "பெரியம்மா, பெரியம்மா" என்று குழந்தை மாதிரி அழுதான். அப்போது சிரிப்பு வரவில்லை எனக்கு. வேலியிலிருந்து ஒரு கம்பத்தைப் பிடுங்கி அடியில் கொடுத்து நெம்பினேன், அவன் காலை உருவிக்கொண்டான். வீங்கியிருந்தது, உடையவில்லை. "அப்பாகிட்ட சொல்லாதீங்க பெரியம்மா" என்பதுதான் முதல் பேச்சு. காலில் தண்ணீர் ஊற்றி, என் பின்னால் ஏற்றினேன். ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே தூரத்தில், பண்ணையோ பக்கத்திலேயே. "உன் கால் ஓடிடாது, மாட்டுக்கு நேரம் ஓடிடும்" என்று சொல்லி மேலேயே போனேன். பண்ணைக்காரி அவனுக்கு ஒரு குவளை புளித்த முர்சிக் பால் கொடுத்து உட்கார வைத்தாள், நான் ஊசி போடுவதை வேலியோரம் இருந்து பார்த்தான், எந்தப் பக்கம் நிற்பது என்று இப்போதாவது தெரிந்திருக்கும். பிறகுதான் ஆஸ்பத்திரி.

மலைப்பக்கம் என்னிடமே இருக்கிறது, பிர்கென் வாயாலேயே சொல்லிவிட்டார். உன் சித்தப்பா நன்றி சொல்ல வரவில்லை. வேலிக்கு அந்தப்பக்கமே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டு, "அண்ணி, அந்த சீட்டு தச்சவன் எந்தத் தெருவில இருக்கான்?" என்று கேட்டார். தெருவைச் சொல்லிவிட்டு, உங்கள் மகனுக்குப் பஞ்சு வைக்க வேண்டாம், இருக்கிற பஞ்சை எடுத்துச் சீட்டைத் தாழ்த்தித் தைக்க வேண்டியிருக்கும் என்றேன். அந்த மேல்பண்ணை மாடு சினை பிடித்துவிட்டது, கையை விட்டுப் பார்த்து நானே உறுதி செய்தேன்.

எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும், போகிற பாதையில் உன் அப்பா துணையிருக்கட்டும். மீனை மட்டும் தின்றுகொண்டிருக்காதே, பால் குடி. கடைசியாக ஒன்று, நீ அனுப்பியதில் உன் பக்கத்தில் ஒரு பையன் நிற்கும் போட்டோ ஒன்று இருந்தது. அவன் உன் காதுக்குத்தான் வருகிறான், அது அவன் குற்றமில்லை, முகம் நல்லவனாகத்தான் தெரிகிறான். ஆனால் நீ ஏன் முழங்காலை மடக்கிக் கூனி நிற்கிறாய்? அவன் சொல்லி அப்படி நின்றாய் என்றால் எனக்கு எழுது. நீயாகவே நின்றாய் என்றால் இதைப் படித்த கையோடு நிமிர்ந்துகொள். அடுத்த போட்டோவில் உன் தலை படத்துக்கு வெளியே போனாலும் போகட்டும், மீதியை வைத்து என் மகளை நான் கண்டுபிடித்துக்கொள்வேன்.

உன் அம்மா,
தாப்கிகென்