எண்ணிக்கை சரியாக இருந்தது

அன்புள்ள அப்பா,

நான் சௌக்கியம். உங்கள் முட்டிவலி தேவலையா? போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நேற்று கல்லூரிச் சுற்றுலாவில் ஏரி, அருங்காட்சியகம் எல்லாம் பார்த்தோம். ஒரு வேடிக்கை கேளுங்கள். நான் கழிவறைக்குப் போய்த் திரும்பினால் பஸ்ஸைக் காணோம். தலை எண்ணிய மேடம், என் சீட்டில் உட்கார்ந்திருந்த வழிகாட்டியையும் சேர்த்து எண்ணியதில் கணக்கு சரியாக வந்துவிட்டதாம்! மழையில் வழி கேட்டுக் கேட்டு விடுதிக்கு நடந்தே வந்தேன்.

போர்வைக்குள்ளிருந்து அறைத்தோழி, "பஸ்ஸ விட்டு இறங்கி எங்கடி போன? இப்படி நனைஞ்சிருக்க?" என்றாள்.

அம்மாவிடம் சொல்லாதீர்கள். காய்ச்சல் மாத்திரையும் கொஞ்சம் மிளகுப்பொடியும் அனுப்புங்கள். அப்புறம், இனி போனில் 'பாப்பா' வேண்டாம்; என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அதைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்