பீங்கான் அடுப்பும் என் லீவும்

நம் பெரியவளின் அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி தேவலையா? அத்தை வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

நம் பெரியவள் கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. "விருந்துக்குக் கறி பதமா வந்தா லீவு தர்றேன்" என்று நான் சமையல் செய்யும் வீட்டு முதலாளி சொல்லியிருந்தார். இங்குள்ள பீங்கான் கரி அடுப்புக்கு மேலே ஒரு மூடி உண்டு; கறியை உள்ளே வைத்து மூடி, காற்றுப் போகும் கீழ்க்கதவை விரலளவு மட்டும் திறந்து வைத்தால், கரி நாள் முழுக்க நிதானமாகக் கனலும். காலையிலிருந்து கண்கொத்திப் பாம்பாகக் காத்தேன்.

நான் சாப்பிடப் போன நேரத்தில் முதலாளியின் தம்பி, சீக்கிரம் வேகட்டுமென்று அந்தக் கதவை முழுதாகத் திறந்துவிட்டார். ஓடிவந்து அடைத்தேன். பீங்கான் ஒருமுறை சூடேறினால் லேசில் தணியாது, கறி கரியாகிவிட்டது.

"அந்தம்மாதான் அடுப்பக் கவனிக்கலண்ணே" என்றார் தம்பி. அடுப்பு வாயை அடைக்க எனக்குத் தெரியும், அவர் வாயை அடைக்க மூடிக்கு எங்கே போவேன்? லீவு போயிற்று. கறியைப் பார்க்க அடுப்பு மூடியைத் தூக்கியதும் தீ பாய்ந்ததில் ஒரு புருவமும் போயிற்று. சிரிக்காதீர்கள், முளைத்துவிடும்.

கல்யாணத்தில் அம்மா இடத்தில் என் தங்கை நிற்கட்டும். அன்றைக்கு நான் கட்டவென்று எடுத்துவைத்த புடவையை அவளுக்கே கொடுத்துவிடுங்கள். ரவிக்கையை மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் இளைத்திருக்கிறாளா, பருத்திருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி