மேலாங்கோட்டுக்கும் திருவிடைக்கோட்டுக்கும் நடுவே

என் லிங்கத்துக்கு,

உன் சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சாலைக் கடைத்தெருவில் உன் கடை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். போன மழைக்காலத்தில் நீ எங்களை விட்டுப் போன பிறகு அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. நான் ஏன் தொட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பகவதிக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நேர்ந்துகொண்டாய். மகள் பிழைத்தால் பன்னிரண்டு சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம். முன்சிறையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் சைக்கிளில்தான் போவேன், எஞ்சின் வைத்த எதிலும் ஏறமாட்டேன் என்றாய். பதினொன்றை முடித்தாய்.

அத்தனை வருஷமும் நேர அட்டவணை எழுதிக் கொடுத்தவன் நான். எந்தக் குளத்தில் எத்தனை மணிக்குக் குளியல், எங்கே கஞ்சி, எங்கே காற்றடிப்பது, எல்லாம். "வே ஐயரே, தாள்லயே பன்னெண்டு கோயிலும் கும்பிட்டாச்சா? ஒரு தடவை வந்து மிதியும்" என்பாய். முட்டி வலி என்பேன். அப்போது என் முட்டிக்கு ஒன்றுமில்லை என்பது உனக்குத் தெரியுமா?

மார்கழியில் பகவதி ஸ்ரீவராகத்தில் என் வீட்டுக்கு வந்தாள். "பன்னெண்டுல ஒரு கொல்லம்தான் பாக்கி மாமா. அப்பாவுக்குப் பதிலா யாரு ஓட்டுவா?" என்றாள். என்னிடம் கேட்டது போலவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்று இன்றும் சந்தேகம்.

தினமும் காலையில் உன் சைக்கிளில் பழவங்காடி வரை போய் வந்து பழகினேன். சிவராத்திரிக்கு முந்தின நாளே முன்சிறையில் தொடங்கினேன். திற்பரப்பு ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். தள்ளலாம்தானே? எட்டாவது கோயிலான மேலாங்கோடு வரை ஈர வேட்டியோடு சரியாகவே போனேன். அதைத் தாண்டியதும் தொடை பிடித்து இழுத்தது. கல்வெர்ட்டுச் சுவரில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியவில்லை.

ஒரு ஆட்டோ நின்றது. "ஏறுங்க தாத்தா. சைக்கிளைப் பொறத்தால கெட்டிருவோம். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார் டிரைவர்.

ஏறினேன், லிங்கம்.

சிவனைப் பார்க்க ஓடுகிறவர்கள் வழியெல்லாம் பெருமாளைக் கூப்பிடுவதுதானே நம் பக்கத்து வழக்கம்? அந்த மனிதர் எனக்காக உற்சாகமாக "கோவிந்தா!" என்றார். நான் "கோபாலா!" சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒன்பதாவது கோயிலான திருவிடைக்கோட்டுக்கு முந்தைய வளைவிலேயே, யாரும் பார்க்காத இடத்தில் இறங்கிக்கொண்டேன்.

மீதியை மிதித்தே முடித்தேன். திருநட்டாலத்தில் பகவதி காத்திருந்தாள். என் காலில் விழுந்தாள். நான் தடுக்கவில்லை. மறுநாள் பாயசம் வைத்துச் சாலைக் கடைகளுக்கெல்லாம் கொடுத்தாள். "நேர்ச்சை முடிஞ்சாச்சு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். எனக்கும் ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய வந்தது. அதை எப்படிக் குடிப்பது, சொல்?

உனக்கு எழுதப்போவதை அவளிடம் மறைப்பது நியாயமில்லை என்று நேற்று உன் கடைக்குப் போய் அவளிடம் சொன்னேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பாதி வாசிப்பதற்குள் தாளை வாங்கி மீதியை அவளே படித்தாள்.

பிறகு, "தெரு முழுக்கப் பாயசம் குடுத்தாச்சே மாமா! திருப்பிக் கேக்கவா முடியும்?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போட்டும். உயிரு என்னோடதுதானே? அடுத்த சிவராத்திரிக்கு நான் ஓட்டுதேன்" என்றாள்.

"உனக்குச் சைக்கிளே தெரியாதேம்மா?"

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

நாற்பத்திரண்டு வயதில் பிடிவாதத்தைப் பார்த்தாயா? அப்படியே உன்னுடையது. டாக்டரிடம் கேட்டுவிட்டோம், தாராளமாக ஓட்டலாம் என்றார். எனக்குத்தான் பயம். அவள் விழுந்தால் உனக்கு என்ன பதில் சொல்வேன்?

நாளைக் காலை கோட்டைக்குள் ஆளில்லாத தெருவில் தொடங்குகிறோம். சீட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நானும் ஓடுவேன். விடுங்கள் மாமா என்று அவளே சொல்கிறவரை கையை எடுக்கமாட்டேன், லிங்கம். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உன் மகளுக்கு மாமன் முறையாகிவிட்ட,
உன் ஐயர்