டொனால்டின் மாத்திரையும் பெரியப்பாவின் வாயும்

மந்தின்,
12.6.1993

அன்பு மகள் மரியகொரெட்டிக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். சபாவில் உனக்குப் பள்ளிக்கூட வேலை எப்படி, மழையில் நனையாமல் இரு. உன் தம்பி டொனால்டைப் பற்றிப் போனில் அரைகுறையாகச் சொன்னேன், முழுவதையும் கேள். மூளைக் காய்ச்சல் வந்து பிழைத்தபின் ஒரு மாதம் தூங்காமல் ஆடுவதும் அடுத்த மாதம் சுவரைப் பார்த்துக் கிடப்பதுமாக இருந்தானே, அதனால் மூளையில் வந்த வீக்கம் வடிந்தாலும் மூளையில் அதன் தடம் நிற்கலாம், மனத்தை நிலையாக வைக்க லித்தியம் வேண்டும், அது சாகும் எண்ணத்தையும் தடுக்கும், நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். மாத்திரை போட்டு நன்றாகத்தான் செனாவாங் பேக்டரிக்குப் போய் வந்தான்.

ஈஸ்டருக்கு அம்பாங்கானிலிருந்து வந்தார் உன் பெரியப்பா ஜோசப்ராஜ், எல்லாம் தெரிந்த மகான். "இது பைத்தியக்காரன் மருந்துலா, ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு? ஜெபம் பண்ணு, போதும்" என்று நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து டப்பாவை வாசல் சாக்கடையில், அந்த லோங்காங்கில், கொட்டிவிட்டார். உன் அப்பா அண்ணன் முன்னால் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம், பெரிய வீரர். நான் புது மாத்திரை வாங்கி வந்தும் இவன் வெட்கப்பட்டு வாயில் வைக்கவில்லை. சில வாரத்தில் சாப்பாடு நின்றது, பேச்சு நின்றது. ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆறுமுகத்திடம் தன் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்து, "நீங்களே வெச்சிக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ரப்பர் காட்டுப் பக்கம் நடந்திருக்கிறான். ஆறுமுகத்துக்கு மனம் கேட்கவில்லை, பின்னாலேயே ஓடி, "டேய், சாகப் போறியா?" என்று நேராகக் கேட்டாராம். "ஆமாண்ணே" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறான். கையை விடாமல் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அந்த மனுஷன், நம் சொந்தக்காரன் எவனும் இல்லை.

வார்டில் மறுபடி லித்தியம் தொடங்கி, ரத்தம் சோதித்து அளவு பார்த்தார்கள். தேறி வந்த நேரத்தில் பெரியப்பா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "என் ஜெபந்தான் காப்பாத்துச்சு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அப்ப உங்க பிரஷர் மாத்திரைய இப்பவே லோங்காங்ல கொட்டுங்க மச்சான், நான் உங்களுக்காக முழங்கால் போட்டு ஜெபம் பண்றேன்" என்றேன். மாத்திரை இருந்த சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் பார், கட்டிலில் கிடந்த டொனால்ட் சிரித்துவிட்டான். எத்தனை வாரம் கழித்து!

இப்போது வீட்டில் இருக்கிறான், மாத்திரையை என் எதிரில் போடுகிறான், தண்ணீர் நிறையக் குடிக்கிறான். அந்த மருந்தால் கை லேசாக நடுங்குகிறது, டாக்டரம்மாவுக்குத் தெரியும். நீ அவனுக்குத் தனியாக எழுது. சுற்றி வளைக்காதே, மனம் எப்படி இருக்கிறது என்று நேராகக் கேள், பதில் வராவிட்டால் எனக்கு உடனே போன் போடு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பெரியப்பா வீட்டுக்கு நீ மட்டும் போய்க்கொள், என் கால் அந்த வாசலை மிதிக்காது.

உன் அம்மா
ஆக்னஸ்